டிஎன்ஏ சோதனையும் நம் குடும்ப வேர்களும்: கேள்வி பதில்

ஈசூன் வாசகி: அக்கா, என் அப்பாவைப் பெற்ற பாட்டி சீனக் குடும்பத்தில் பிறந்து, கைக்குழந்தையாகத் தமிழர் வீட்டுக்குத் தத்து வந்தவர். இப்போது இல்லை. நான் எச்சில் கொடுத்தால் அவருடைய சொந்தங்கள் கிடைப்பார்களா?

கிடைக்கலாம்மா, ஆனால் உங்களைவிட அப்பா கொடுப்பதுதான் நல்லது. பாட்டியின் டிஎன்ஏ அப்பாவிடம் பாதி இருக்கும், உங்களிடம் ஏறக்குறைய கால்வாசிதான். அப்புறம் உயிரணுவுக்குள் தனியாக இருக்கும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ என்று ஒன்று உண்டு, அது தாய்வழியாக மட்டுமே இறங்கும். பாட்டியுடையது அப்பாவுக்கும் அத்தைமாருக்கும் அத்தை பிள்ளைகளுக்கும் இருக்கும், உங்களுக்கு வராது. வறுமையாலும், பெண் பிள்ளை என்பதாலும், ஜப்பானியர் காலத்துப் பயத்தாலும் இங்கே சிங்கப்பூரிலும் மலாயாவிலும் எத்தனையோ சீனக் குழந்தைகள் நம் வீடுகளுக்கு வந்து, நம் பிள்ளைகளாகவே தமிழ் பேசி வளர்ந்தார்கள். பெற்றவர்களைத் தேடுவது வளர்த்தவர்களுக்குச் செய்யும் துரோகம் என்று சில பெரியவர்கள் வருத்தப்படுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, இருந்தாலும் அத்தைமாரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பிள்ளையைக் கொடுத்த விஷயமே தெரியாத பேரப்பிள்ளைகள் அந்தப் பக்கமும் இருக்கக்கூடும், அதனால் முதல் செய்தியிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: யாரென்றே தெரியாத ஈப்போக்காரர் ஒருவரைச் சோதனை முடிவு எனக்கு 'முதல் அல்லது இரண்டாம் கசின்' என்று காட்டுகிறது. தாத்தாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்திருக்குமோ?

தாத்தாவைச் சந்தேகப்படுவதற்கு முன் குடும்பத்தில் யார் யாரைக் கட்டினார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்டவர்கள் நாம். ஒரே பாட்டன் பூட்டனின் டிஎன்ஏ இரண்டு மூன்று வழியாக வந்து சேரும்போது மொத்தக் கணக்கு ஏறிவிடும், நிறுவனம் அதை நெருங்கிய உறவு என்று எடுத்துக்கொள்ளும். உண்மையான முதல் கசினுக்கு, அதாவது பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி பிள்ளைக்கு, சராசரியாக 850 சென்டிமார்கன் (இருவருக்கும் பொதுவான டிஎன்ஏவை அளக்கும் அலகு) போல வரும். மொத்தத்தோடு நிறுத்தாமல் பொதுவான டிஎன்ஏவில் ஆக நீளமான துண்டு எவ்வளவு என்றும் பாருங்கள். துண்டுகள் எல்லாம் பொடிப்பொடியாக இருந்தால் உறவு காட்டுவதைவிடத் தள்ளித்தான் இருக்கும்.

பிடோக் வாசகர்: தாத்தா ரஜூலா கப்பலில் வந்தவர். எந்த ஊர் என்று டிஎன்ஏ சொல்லுமா?

சொல்லாது. பெரும்பாலும் தென்னிந்தியா, இலங்கை என்ற அளவில் நின்றுவிடும். தஞ்சாவூரா இராமநாதபுரமா என்று பிரிக்காது. ஊருக்குக் குலதெய்வத்தைத்தான் பிடிக்க வேண்டும். எந்த ஐயனார், எந்த அம்மன் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை இருக்கிறதா என்று அலமாரியில் தேடுங்கள். ஊரிலிருந்து வந்த நீல ஏர்மெயில் கடிதம் ஒன்று கிடைத்தால் பின்பக்கம் அனுப்பியவர் முகவரியில் தபாலாபீஸ் பெயரே இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான். அதனால் டிஎன்ஏ பொருந்தியவர்களுக்கு எழுதும்போதும் தாத்தா பெயர், ஊர், குலதெய்வம் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.

ஜூரோங் வாசகி: முடிவு காப்புறுதிக்காரர்களிடம் போய்விடாதா?

2021 முதல் இங்கே நடப்பில் இருக்கும் ஏற்பாட்டின்படி, நாமாகக் காசு கொடுத்துச் செய்யும் இத்தகைய சோதனையை வைத்து அவர்கள் முடிவெடுக்கக்கூடாது. என் கவலை வேறு. டுவென்டி த்ரீ அண்ட் மீ என்ற டிஎன்ஏ சோதனை நிறுவனம் 2025-இல் திவாலானதைப் பார்த்தோம், நிறுவனம் விலைபோனால் நம் தரவும் சேர்ந்து கைமாறும். தேவையானதை இறக்கி வைத்துக்கொண்டு, பிறகு கணக்கை அழித்துவிடலாம்.

தோ பாயோ வாசகி: பாட்டிக்கு 88 வயது, எச்சிலே ஊறமாட்டேன் என்கிறது.

கன்னத்தின் உட்புறத்தைக் குச்சியால் தேய்த்து எடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன, அதை வாங்குங்கள். எதற்கு என்று பாட்டிக்குப் புரிகிற மாதிரி சொல்லி, சரி என்றால் மட்டும் எடுங்கள். தள்ளிப்போட வேண்டாம், அந்தத் தலைமுறையின் டிஎன்ஏ அவரிடம்தான் முழுசாக இருக்கிறது. வெற்றிலை போடுபவர் என்றால் காலையில் எழுந்ததும், வாயில் எதுவும் வைப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள்.