4 ஜிபி கணினியில் 4.8 ஜிபி புரோகிராம் ஓடுவது எப்படி?

காவேரிப்பட்டணத்தில் ஒரு மாங்காய் மண்டிக்குக் கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். விஷயம் இதுதான். மண்டியில் இருப்பது 4 ஜிபி ராம், 2 ஜிபி ஸ்வாப் (ராம் நிறைந்தால் கைகொடுக்க டிஸ்கில் ஒதுக்கிய இடம்) உள்ள உபுண்டு லினக்ஸ் கணினி. புரோகிராம் சி மொழியில், எட்டு திரெட்களோடு (ஒரே சமயத்தில் ஓடும் எட்டு வேலை இழைகள்) ஓடுகிறது. தொடங்கும்போதே சீசன் முழுவதற்குமான எடைச்சீட்டுகளுக்கு இடம் வேண்டும் என்று, பதிவுக்கு 150 பைட் வீதம் 3 கோடிப் பதிவுகளுக்கு மாலாக்கில் (நினைவகம் கேட்டு வாங்கும் சி மொழிக் கட்டளை) கேட்டுவிடுகிறார். டாப் கட்டளையில் பார்த்தால் விர்ட் (கேட்டு வாங்கிய முகவரிகள்) 4.8 ஜிபி, ரெஸ் (உண்மையில் பிடித்திருக்கும் ராம்) வெறும் 300 எம்பி. மாலையில் விவசாயி வாரியாகப் பட்டியல் போடும்போது ரெஸ் 2 ஜிபியைத் தாண்டுகிறது. வேலை முடிந்து எல்லாவற்றையும் ஃப்ரீ செய்தாலும், அதாவது திருப்பிக் கொடுத்தாலும், இறங்க மாட்டேன் என்கிறது. போன ஆனியில் வரத்து உச்சத்தில் இருந்தபோது, பட்டியல் ஓடிக்கொண்டிருந்த பாதியில் 'கில்டு' என்ற ஒற்றைச் சொல்லோடு புரோகிராம் நின்றுபோனது. "ஒவ்வொரு மாலாக்குக்குப் பின்னும் 'நல்' (இடம் கிடைக்கவில்லை என்ற பதில்) வந்ததா என்று சோதித்திருக்கிறேன். ஒரு பிழைச்செய்திகூட வரவில்லையே?" என்கிறார்.

முதலில், மூன்று கோடி எடைச்சீட்டு போடும் மண்டி எங்கே இருக்கிறது என்று எனக்கும் சொல்லுங்கள். சரி, அது போகட்டும்.

மாலாக் என்பது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் பகுதி அல்ல. உங்கள் புரோகிராமுக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஒரு சில்லறைக் கடைக்காரர் அவர். தர்மபுரி மண்டியில் புளியை மூட்டையாக எடுத்துவந்து ஊரில் கால் கிலோ, அரை கிலோவாக விற்கிறார்களே, அதே வேலை. மொத்த வியாபாரி, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதியான கெர்னல். அவர் பேஜ் கணக்கில்தான் பேசுவார். வழக்கமான கணினிகளில் ஒரு பேஜ் 4096 பைட். நீங்கள் 40 பைட் கேட்டால் கடைக்காரர் கெர்னலிடம் ஓடுவதில்லை, கையிருப்பிலிருந்து அளந்து கொடுக்கிறார். கையிருப்பு தீர்ந்தால்தான் பிரேக் என்ற சிஸ்டம் கால் (கெர்னலிடம் வைக்கும் வேண்டுகோள்) மூலம், ஹீப் எனப்படும் அந்தக் கையிருப்புப் பகுதியின் எல்லையை நகர்த்தி வாங்கிவருகிறார். பெரிய ஆர்டர் என்றால் கடைக்கே கொண்டுவராமல் எம்மேப் என்ற இன்னொரு சிஸ்டம் கால் மூலம் நேரே மண்டியிலிருந்து உங்கள் பெயருக்குப் போட்டுவிடுவார். லினக்ஸில் வழக்கமாக உள்ள ஜிலிப்சி நூலகத்தில் 'பெரிய' என்பதன் தொடக்க அளவு 128 கேபி. உங்கள் 450 கோடி பைட் இந்த வழியில்தான் போயிருக்கிறது.

கெர்னலும் அந்த 450 கோடி பைட்டை உடனே எடுத்துத் தரவில்லை. 'இந்த முகவரியிலிருந்து இந்த முகவரி வரை உங்களுடையது' என்று பேரேட்டில் ஒரு வரி எழுதியதோடு சரி. வீட்டுக் கல்யாணத்துக்கு ஆயிரம் பத்திரிகை வைக்கிறோம். அதற்காகப் பந்தியில் ஆயிரம் இலையை முன்கூட்டியே விரித்து வைப்பதில்லை, ஆள் வந்து உட்கார உட்கார இலை விழுகிறது. ஒரு பேஜில் நீங்கள் முதல்முறை எழுதும்போது பிராசசர் 'இங்கே இலை இல்லை' என்று கெர்னலைக் கூப்பிடுகிறது. பேஜ் ஃபால்ட் என்பது அதுதான். பெயரில் ஃபால்ட் இருந்தாலும் அது தவறு அல்ல, அன்றாட வேலை. கெர்னல் அப்போதுதான் ராமில் ஓர் இடத்தைத் தேடி, பூஜ்யத்தால் துடைத்து, அந்த முகவரியோடு இணைக்கிறது. துடைக்காமல் கொடுத்தால் முன்பு அந்த இடத்தில் இருந்தவரின் பாஸ்வேர்டோ வங்கிக் கணக்கோ உங்கள் கைக்கு வந்துவிடும்.

ஆகவே விர்ட் என்பது வைத்த பத்திரிகை, ரெஸ் என்பது விழுந்த இலை. விர்ட்டில் எட்டு திரெட்களின் ஸ்டேக்கும் (திரெட்டின் தற்காலிக வேலையிடம், வழக்கமாக ஒவ்வொன்றுக்கும் 8 எம்பி), திரெட்களுக்கென்று மாலாக் ஒதுக்கி வைக்கும் அரீனாக்களும் (64 பிட் கணினியில் ஒவ்வொன்றும் 64 எம்பி முகவரி) சேரும். அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒன்று. அந்த மாலாக்குக்கு அடுத்த வரியில் 'சுத்தமாக இருக்கட்டும்' என்று முழு இடத்திலும் பூஜ்யம் எழுத மெம்செட் போட்டிருந்தீர்களானால், எல்லா பேஜையும் தொட்டு, முதல் நாளே மாட்டியிருப்பீர்கள். பூஜ்யம்தான் வேண்டும் என்றால் காலாக் கேளுங்கள். எம்மேப்பில் வந்த இடம் ஏற்கெனவே பூஜ்யம் என்று அதற்குத் தெரியும், வீணாகத் தொடாது.

இப்போது 'நல்' சோதனைக்கு வருவோம். அதை எழுதியது சரிதான், நீக்க வேண்டாம். ஆனால் லினக்ஸின் இயல்பான அமைப்பில், ஒரே கேட்பில் ராமும் ஸ்வாப்பும் சேர்ந்த மொத்தத்தைத் தாண்டும்படி அதீதமாகக் கேட்டால்தான் மறுப்பு வரும். மற்றபடி எல்லோருக்கும் சரி சரி என்று சொல்லிவிடும். பத்திரிகை வாங்கிய எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான். இதற்கு ஓவர்கமிட் என்று பெயர். எல்லோரும் உட்கார்ந்துவிட்டால்? அப்போது நீங்கள் மாலாக்கில் இல்லை, ஏதோ ஒரு சாதாரண 'அ = ஆ' வரியில் இருக்கிறீர்கள். 'இடமில்லை' என்று அந்த வரி எப்படித் திருப்பிச் சொல்லும்? அதனால் கெர்னல் யாரையாவது எழுப்பி வெளியே அனுப்புகிறது. அதைச் செய்வது கெர்னலின் ஓஓஎம் (அவுட் ஆஃப் மெமரி) கில்லர். பெரும்பாலும் நினைவகத்தை அதிகம் பிடித்திருப்பவர்தான் பலி, சிக்னல் 9, தடுக்கவே முடியாது. ஷெல்லில் வெளியேறும் எண் 137 (128-உம் 9-உம்) என்று இருந்தால் சந்தேகம் இங்கே திரும்ப வேண்டும். டிமெசேஜ் கட்டளையில் கெர்னல் பதிவைத் தேடினால் யாரை, எவ்வளவு ரெஸ்ஸோடு கொன்றது என்று எழுதியே இருக்கும்.

ஓவர்கமிட்டை அணைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அந்த அமைப்பின் மதிப்பை 2 என்று வைத்தால் கெர்னல் கறாராகிவிடும். எல்லை, ஸ்வாப்பும் ராமில் பாதியும். உங்கள் கணினியில் 2-உம் 2-உம், 4 ஜிபி. உங்கள் முதல் மாலாக்கே 'நல்' வாங்கும். கூடவே பிரவுசர் போன்ற, முகவரியைத் தாராளமாக வளைத்துப்போடும் மற்றவையும் தடுமாறும். மண்டிக் கணினிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸில் கதை வேறு. முகவரியை ஒதுக்குவதும் அதற்கு இடம் உறுதி செய்வதும் அங்கே இரண்டு தனித்தனிப் படிகள். உறுதி தந்த பிறகு கைவிரிப்பதில்லை, கேட்கும்போதே மறுக்கும்.

ஃப்ரீ செய்தும் ரெஸ் இறங்காததுதான் அதிகம் பேரைக் குழப்புகிறது. என்னையும் ஒருமுறை இரண்டு நாள் சுற்றவிட்டது. இல்லாத கசிவை (திருப்பிக் கொடுக்க மறந்த நினைவகத்தை) தேடிக் கொண்டிருந்தேன். ஃப்ரீ செய்தது கடைக்காரரிடம் போகிறது, மண்டிக்கு அல்ல. நாளைக்கு நீங்களே மறுபடி கேட்பீர்கள் என்று அவர் வைத்துக்கொள்கிறார். ஹீப்பின் மேல் முனையில் போதிய காலியிடம் சேர்ந்தால்தான் எல்லையைக் கீழே இறக்குவார். அந்த முனையில் ஒரே ஒரு விவசாயியின் பெயர், 30 பைட், உயிரோடு இருந்தால் போதும், கீழே உள்ள நூற்றுக்கணக்கான எம்பி காலியிடமும் அப்படியே நிற்கும். எம்மேப்பில் வந்தவை உடனே திரும்பும். அதிலும் ஒரு நெளிவு உண்டு. அப்படி ஒரு துண்டை நீங்கள் திருப்பிக் கொடுத்ததும் ஜிலிப்சி 'இந்த அளவு இவருக்கு அடிக்கடி வேண்டும் போல' என்று அந்த 128 கேபி எல்லையை அந்தத் துண்டின் அளவுக்கு உயர்த்திக்கொள்ளும், 32 எம்பி வரை. அதன்பின் அந்த எல்லைக்கு உட்பட்டவை ஹீப்பிலிருந்தே வரும், உடனே திரும்பாது.

கசிவா, கையிருப்பா என்று அறிய ஒரு எளிய சோதனை இருக்கிறது. புரோகிராமை நிறுத்தாமல் பட்டியலை மூன்று முறை தொடர்ந்து போடுங்கள். மூன்றாவது முறையும் ரெஸ் ஏறக்குறைய அதே 2 ஜிபியில் நின்றால் அது கையிருப்பு. ஒவ்வொரு முறையும் ஏறினால் கசிவு, அதைக் கண்டுபிடிக்கும் கருவியான வால்கிரைண்டை எடுங்கள். கையிருப்பு என்றால், பட்டியல் முடிந்ததும் மாலாக் ட்ரிம்மை ஒருமுறை அழைத்துப் பாருங்கள், நடுவில் முழுதாகக் காலியான பேஜ்களையும் அது கெர்னலிடம் கொடுத்துவிடும். எட்டு திரெட்களும் ஆளுக்கொரு அரீனா வைத்துக்கொள்வதால், அரீனா உச்சவரம்பை 2 ஆக்கும் சூழல் மாறியையும் முயலலாம்.

ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் இவற்றில் நேரம் செலவிட மாட்டேன். பட்டியலைத் தனி புரோகிராமாக்கி, மாலையில் ஓடி முடியும்படி வைப்பேன். ஒரு பிராசஸ் முடிந்தால் அதன் நினைவகம் முழுவதும் கெர்னலுக்குத் திரும்பிவிடும், கடைக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டாம். எடைச்சீட்டுகளை எஸ்கியூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளம்) கோப்பில் போட்டு, விவசாயி ஒருவரின் கணக்கை எடுத்து, அச்சிட்டு, அடுத்தவருக்குப் போவேன். அப்படிச் செய்தால் சில பத்து எம்பியில் முடியும் வேலைதான் இது. மூன்று கோடிப் பதிவுகளுக்கான அந்த ஒதுக்கீடும் தேவைப்படாது.

மாற்றி எழுதிய பின், மண்டிக்குக் கொண்டுபோகும் முன், உங்கள் கணினியில் யு-லிமிட் கட்டளையால் முகவரி வரம்பை 1 ஜிபிக்குக் குறைத்து, போன ஆனியின் தரவோடு ஓட்டிப் பாருங்கள். தாங்கினால் சரி. தாங்காவிட்டால், நீங்கள் எழுதிவைத்த 'நல்' சோதனை வேலை செய்வதை முதல்முறையாகப் பார்ப்பீர்கள்.