கடல் கடந்து போகும் ஊடக அறிக்கை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் சிறு தேயிலைத் தோட்ட உடைமையாளர் சங்கம் எங்கள் ஊவா மாகாணத்தின் ஓகஸ்ட் மாதத் தேயிலை பற்றி ஆங்கிலத்தில் ஊடக அறிக்கை எழுதி, ஜூலைக் கடைசியில் 40 வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு மின்னஞ்சலில் அனுப்பியது. ஒரு பதிலும் வரவில்லை. ஆங்கிலம் பிழையா? (பண்டாரவளை வாசகி)

ஆங்கிலத்தைவிடக் காலம்தான் பிழைத்திருக்கும். மாத சஞ்சிகைகள் பல, ஓகஸ்ட் இதழின் பக்கங்களை மூன்று மாதத்துக்கு முன்பே முடிவு செய்துவிடும். அவர்களுக்கு ஏப்ரலில் எழுத வேண்டும். நாளிதழ் என்றால் ஒரு வாரம் போதும்.

அடுத்தது அந்த 40. எல்லா முகவரிகளையும் ஒரே மடலில் போட்டு அனுப்பினால் வாங்குபவருக்குத் தெரிந்துவிடும், அத்தோடு மடல் குப்பைக்குப் போய்விடும். தேயிலை, உணவு, பயணம் பற்றி உண்மையில் எழுதுகிற ஆறேழு பேரைத் தேடுங்கள். அவர்கள் கடைசியாக எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள்.

முதல் வாக்கியத்தைப் பாருங்கள். நம் அறிக்கைகளில் பாதி, "சங்கத் தலைவரின் தலைமையில்" என்றே தொடங்குகின்றன. லண்டனில் இருப்பவருக்குத் தலைவரைத் தெரியாது. அவருக்குப் புதிதாக இருப்பது வேறு: ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்றில் கொழுந்தின் வளர்ச்சி மந்தப்படுகிறது, அதில்தான் ஊவாவுக்கே உரிய மணம் ஏறுகிறது. உங்கள் காணி எத்தனை மீற்றர் உயரம், எத்தனை குடும்பம், எத்தனை கிலோ என்பதை அதோடு சேர்த்துச் சொல்லுங்கள். தலைவர் நான்காம் பந்தியில் வரட்டும்.

தொடர்பு எண்ணில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். லண்டனில் முற்பகல் 11.30 என்றால், அவர்களது கோடைகாலத்தில் இங்கே மாலை 4 மணி. செய்தியாளர் அழைக்கும் நேரம் அது. அந்த நேரம் கொழுந்துத் தராசுக்குப் பக்கத்தில் நிற்பவருடைய எண்ணைக் கொடுத்திருந்தால் யார் எடுப்பது? டோக்கியோ நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே காலை 9 மணி, இங்கே விடியற்காலை 5.30. நாட்டுக்கேற்ப ஆளை நியமியுங்கள்.

இலங்கைத் தேயிலைக்கு அடையாளமான சிங்கச் சின்னத்தை இலங்கைத் தேயிலைச் சபையின் அனுமதியில்லாமல் படத்தில்கூடப் போடவேண்டாம். முழுக்க இலங்கைத் தேயிலையாக, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டதாக இருந்தால்தான் அதற்கு உரிமை. சான்றிதழ் கையில் இல்லாமல் "இயற்கைத் தேயிலை" (organic) என்று எழுதுவதும் வினை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தச் சொல்லுக்குச் சட்டம் இருக்கிறது.

வெளிநாட்டு உதவி நிறுவனத்துக்காக லயன் வீடுகளையும் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) மக்களையும் படமெடுத்து அறிக்கை தயாரிக்கிறோம். "வறுமை நன்றாகத் தெரிய வேண்டும்" என்கிறார்கள். என்ன செய்வது? (ஹட்டன் வாசகர்)

அந்த அறிக்கை வெளிநாட்டில் மட்டும் வாசிக்கப்படும் என்ற நினைப்பை முதலில் கைவிடுங்கள். வெளியான அன்றே அது அதே லயத்துக் கைபேசிகளுக்கு வந்துவிடும். காலையில் தொழிலாளர் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் நின்று உரக்க வாசிக்க முடியாத ஒரு வரியும் அதில் இருக்கக்கூடாது.

ஒப்புதலைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி வாங்குங்கள். படம் எங்கே, எவ்வளவு காலம் பாவிக்கப்படும், மனம் மாறினால் யாரிடம் சொல்லி நீக்குவிக்கலாம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். தோட்டத் துரையோ (முகாமையாளர்) தொழிற்சங்கத் தலைவரோ பக்கத்தில் நிற்கும்போது கிடைக்கும் "சரி"யை ஒப்புதலாகக் கொள்ளாதீர்கள். வேலை முடிந்த பிறகு வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். பிள்ளைகளின் முகம், பாடசாலைப் பெயர், தோட்டப் பிரிவு மூன்றையும் ஒரே படக்குறிப்பில் சேர்க்கவேண்டாம்.

"இந்தியத் தமிழர்" என்று குடிசன மதிப்பீட்டில் இருப்பதை அப்படியே எழுதினால், வெளிநாட்டு வாசகர் இந்தியப் பிரசைகள் என்று எடுத்துக்கொள்வார். மலையகத் தமிழர் என்று எழுதி ஒரு வரி விளக்கம் கொடுங்கள்: 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய சமூகம், எஞ்சியிருந்தோருக்கு 2003 சட்டம் குடியுரிமை கொடுத்தது. இந்த வரியை நீளமென்று வெட்ட விடாதீர்கள்.

சம்பளத்தை டொலரில் மட்டும் சொல்வதும் ஆபத்து. 2021இல் தீர்மானிக்கப்பட்ட 1,000 ரூபா நாட்சம்பளம் அப்போது சுமார் 5 டொலர். 2022 நடுவில் 3 டொலருக்கும் குறைவு. ரூபா, நாணயமாற்று விகிதம், திகதி மூன்றும் வேண்டும். அந்தப் பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, எத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

உயர்தரம் தமிழ் மொழியில் சித்தியடைந்தேன். சர்வதேச மக்கள் தொடர்பு படிக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது? (தலவாக்கலை மாணவி)

தங்கச்சி, அமெரிக்க ஆய்வாளர்களான ஜேம்ஸ் குரூனிக், டொட் ஹன்ட் இருவரும் 1984இல் வகுத்த மக்கள் தொடர்பின் நான்கு மாதிரிகளைத்தான் எங்கும் முதலில் படிப்பிப்பார்கள்: விளம்பரத்துக்காகப் பரபரப்பு, தகவல் கொடுத்தல், மக்களைக் கேட்டறிந்து நம் பக்கம் இழுத்தல், இரு பக்கமும் கேட்டு இரு பக்கமும் மாறுதல். இவை அமெரிக்க அனுபவத்தில் பிறந்தவை. தென்னிந்திய நிறுவனங்களை ஆராய்ந்த கிருஷ்ணமூர்த்தி ஸ்ரீராமேஷ், ஆளோடு ஆள் பழகிச் செல்வாக்குச் செலுத்தும் வழியை அங்கே கண்டு எழுதினார். தோட்டத்தில் தலைவர் மூலம் காரியம் நடப்பதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு அது உடனே விளங்கும். ஒரு நாட்டின் அரசியல், பொருளாதாரம், மக்கள் போராட்ட வலு, பண்பாடு, ஊடகம் ஆகிய ஐந்தையும் பார்த்தபின் திட்டமிடு என்பதும் அவரும் இன்னொரு ஆய்வாளரான டெஜான் வெர்சிச்சும் வலியுறுத்தியது.

ஒரு பயிற்சி: 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியொன்றில் வண்டு கண்டதாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையைத் தற்காலிகமாகத் தடுத்தது. அந்த நாட்களின் தமிழ், சிங்கள, ஆங்கிலச் செய்திகளை எடுத்து, யார் முதலில் பேசினார், யாருக்குப் பேசினார், தொழிலாளிக்கு யார் சொன்னார் என்று நிரல் போடுங்கள். கடைசி நிரலில் எத்தனை கட்டம் வெறுமையாகக் கிடக்கிறது என்று எண்ணுங்கள். சிங்களத்தை இப்போதே நன்றாகப் படியுங்கள். கொழும்பில் வேலைக்கு அது தேவைப்படும்.

வந்த செய்தியின் நீள அகலத்தை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி, "இவ்வளவு இலட்சம் பெறுமதி" என்று காட்டலாமா? (நுவரெலியா வாசகர்)

வேண்டாம். அந்தக் கணக்கு மக்கள் தொடர்பின் பெறுமதி அல்ல என்று மக்கள் தொடர்பை அளப்பது பற்றிய 2010 பார்சிலோனாக் கோட்பாடுகளிலேயே சொல்லியாகிவிட்டது. திட்டி எழுதிய அரைப்பக்கத்துக்கும் அதே தொகைதான் வரும். செய்திக்குப் பிறகு எத்தனை கொள்வனவாளர் மாதிரி கேட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள், செய்தியில் எத்தனை பிழையைத் திருத்தக் கேட்க வேண்டியிருந்தது என்று எழுதி வையுங்கள். படத்தில் இருந்தவர்களிடமும் அந்தச் செய்தியைத் தமிழில் வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டுக் குறியுங்கள்.