மந்திர நகரத்தில் யாருக்கும் பசிக்காதா?

கேள்வி: என் மிகுபுனைவு நாவலின் முதல் காட்சியில் இளவரசன் ஆதன் மிதக்கும் நகரத்துக்குள் நுழைகிறான். அங்குள்ள ஒன்பது குலங்களின் வரலாற்றை இரண்டு பக்கங்களில் சொல்லியிருக்கிறேன். படித்தவர்கள் 'மனதில் ஒட்டவில்லை' என்கிறார்கள். காட்சியை இணைத்திருக்கிறேன்.

பதில்: படித்தேன். காவலர்கள் வணங்கி வழிவிடுகிறார்கள், ஆதன் அண்ணாந்து பார்க்கிறான், உடனே வரலாறு. அவனுக்கு அங்கே ஆக வேண்டிய காரியம் எதுவுமே இல்லை. காரியம் இல்லாதவன் கண்ணில் எந்த நகரமும் சுற்றுலா விளம்பரமாகத்தான் தெரியும்.

இப்படி மாற்றிப் பாருங்கள். பொழுது சாய்ந்தால் நகரம் மேலே எழும்பிவிடும். கடைசிப் படகுக்குக் கூலி ஒரு படி உப்பு. ஆதனிடம் இருப்பதோ அரச முத்திரை மோதிரம் மட்டும். படகுக்காரி அதைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டால் குழம்பு கரிக்குமா?" என்று திருப்பிக் கொடுக்கிறாள். மேலே உப்பு அரிது, அரச குலத்தின் மதிப்பு போய்விட்டது. இரண்டும் வாசகருக்குப் புரிந்துவிடும். இனி ஆதன் செய்வதுதான் பாத்திரப் படைப்பு. கெஞ்சுவானா, மிரட்டுவானா, பக்கத்தில் தூங்கும் கிழவியின் உப்பு மூட்டையில் கை வைப்பானா? திருடினால் எனக்கு அவனைப் பிடிக்காது. ஆனால் அடுத்த அத்தியாயத்தைக் கட்டாயம் படிப்பேன். ஒன்பது குலங்களில் எட்டு காத்திருக்கட்டும்.

கேள்வி: என் கதை நடக்கும் பனிமலை நாட்டுக்கு வரைபடம் போட்டுவிட்டேன். உலகத்தை உருவாக்க அடுத்து என்ன செய்வது?

பதில்: 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீனும் வரைபடத்திலிருந்துதான் தொடங்கினார், தவறில்லை. ஆனால் நம்மிடம் அதைவிடக் கறாரான பட்டியல் ஒன்று இருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று சொல்லும் தொல்காப்பியம், கருப்பொருளில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று எட்டை எண்ணுகிறது. உங்கள் பனிமலை நாட்டுக்கு இந்த எட்டையும் எழுதிப் பாருங்கள். எனக்கு வரும் பிரதிகளில் தெய்வமும் விலங்கும் நிரம்பி வழிகின்றன, உணவும் தொழிலும் காலியாகக் கிடக்கின்றன. டிராகன் இருக்கும், அதற்கு இரை போடுகிறவன் இருக்க மாட்டான்.

எட்டையும் நிரப்பினாலும் உரிப்பொருள், அதாவது அந்த நிலத்துக்கு உரிய மன உணர்வு, இல்லாமல் காட்சி நிற்காது. நெய்தல் பாட்டில் புன்னை மரம் தாவரவியலுக்காக வருவதில்லை. அதன் நிழலில் ஒருத்தி, வராதவனை நினைத்து இரங்கிக்கொண்டிருக்கிறாள்.

கேள்வி: என் கதாநாயகி தனியாளாகப் பத்துப் பேரை வெட்டி வீழ்த்துகிறாள். அவளைப் போய் 'பலவீனமான பாத்திரம்' என்கிறார்களே?

பதில்: அது திறமை, குணம் இன்னும் தெரியவில்லை. பதினோராவது ஆள் வாளைக் கீழே போட்டுவிட்டால் என்ன செய்வாள்? அந்தப் பக்கத்தை எழுதுங்கள். அப்படியே, அவளுடைய ஒற்றைக் கை வாளைத் தூக்க இரண்டு வீரர்கள் திணறுவதையும் நீக்கிவிடுங்கள். அத்தகைய வாள் பெரும்பாலும் ஒரு கிலோவுக்குச் சற்று முன்பின்தான் இருக்கும்.

கேள்வி: இருபதாயிரம் குதிரைகள் ஒரே இரவில் 300 கிலோமீட்டர் கடக்கின்றன. கற்பனைதானே?

பதில்: மந்திரம் என்றால் அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று சொல்லுங்கள். வெறும் குதிரை என்றால் பகல் முழுவதும் நடந்தாலே சுமார் 50 கிலோமீட்டர்தான். பிறகு தீனி, தண்ணீர், ஓய்வு. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை 'நீரின் வந்த நிமிர்பரிப் புரவி' என்கிறது. கடல் கடந்து வந்த குதிரை! அந்த ஓர் அடியில் துறைமுகமும் வணிகமும் செல்வமும் தெரிந்துவிடுகின்றன. உங்கள் குதிரைகள் எங்கிருந்து வந்தன? பணம் கொடுத்தது யார்?

கேள்வி: வில்லனுக்கு 'க்ஷர்த்ராக்ஸ்' என்று பெயர் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். சின்ன வயதில் அவனுடைய அம்மா அவனை எப்படிச் சாப்பிடக் கூப்பிட்டாள் என்று மட்டும் எனக்குச் சொல்லிவிடுங்கள்.