அடியில் முத்திரை இல்லை, கழுத்தில் விரிசல்: இது மேசன் டெகாய் வாத்துதானா?

டெகாய் என்பது நிஜ வாத்துகளை ஈர்க்க வேட்டைக்காரர்கள் நீரில் மிதக்கவிடும் மர வாத்து. உங்களுடையதில் தயாரிப்பாளர் முத்திரை இல்லை என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள். டெட்ராய்ட்டில் 1896 முதல் 1924 வரை இயங்கிய மேசன் தொழிற்சாலையின் பெரும்பாலான வாத்துகளில் முத்திரையே கிடையாது.

கழுத்தைச் சுற்றியுள்ள பள்ளம் அநேகமாக விரிசல் அல்ல. தலை உடலோடு சேரும் இடத்தில் இடைவெளியை அடைக்கும் பசையான புட்டி பூசியிருப்பார்கள். மரம் சுருங்கி விரிய அது உதிர்ந்துவிடும். மேசனில் இது சகஜம்.

பக்கவாட்டில் நீளவாக்கில் ஒட்டுக்கோடு தெரிகிறதா பாருங்கள். கூடவே தட்டையான அடி, கண்ணாடிக் கண், கையில் எடுத்தால் லேசான எடை என்றால் உள்ளே குடைந்த பிரீமியர் என்ற மேசனின் உயர்ந்த ரகமாக இருக்கலாம். மலிவான ரகங்கள் முழுக்கட்டை. அவற்றில் கண் ஆணியாகவோ வெறும் பெயின்ட் புள்ளியாகவோகூட இருக்கும்.

ஆனால் அதே ஊரில் மேசனுக்கு முன்பே பீட்டர்சன், டாட்ஜ் பட்டறைகள் இருந்தன. அவர்கள் வேலையும் இதே சாயல்தான். புகைப்படத்தை வைத்து முடிவுகட்ட முடியாது, விவரம் தெரிந்தவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதுவரை புட்டி அடைத்துப் புதுப் பெயின்ட் அடிக்கும் யோசனையை விடுங்கள், பழைய பெயின்ட்டுக்குத்தான் விலையே.