வித்துக்குள்ளே சின்ன ஆர்.என்.ஏ: கேட்டதும் சொன்னதும்

கேள்வி (உயர்தர மாணவி, ஹட்டன்): சேர், இந்தச் சின்ன ஆர்.என்.ஏ புரதமே செய்யாதாமே, பிறகு வித்துக்குள் இருக்கிற முளையத்துக்கு அது எதற்கு?

பதில்: முளையம் அவசரப்படாமல் பார்த்துக்கொள்ளத்தான் தங்கச்சி. ஆர்.என்.ஏ இழை ஒன்று தன்மேலேயே மடிந்து கொண்டையூசி மாதிரி நிற்கும். டிசிஎல்1 என்ற நொதியம் அதிலிருந்து 21 நியூக்கிளியோதைட்டு (ஆர்.என்.ஏ இழையின் அலகு) அளவில் ஒரு துண்டை வெட்டி எடுக்கும், அதுதான் மைக்ரோ ஆர்.என்.ஏ. ஆர்கோனாட் என்ற புரதம் அந்தத் துண்டை ஏந்திக்கொண்டு, அதற்குப் பொருந்துகிற தூது ஆர்.என்.ஏவை, அதாவது புரதம் செய்யும் செய்தியைச் சுமக்கும் இழையைப் பிடித்து அறுத்துவிடும். டிசிஎல்1 கெட்டுப்போன அரபிடொப்சிஸ் என்ற ஆய்வுகூடச் செடிகளை நொடின், பார்டெல் என்ற ஆய்வாளர்கள் 2010இல் பார்த்தபோது, முளையம் எட்டுக் கலமாக இருக்கும்போதே எஸ்பிஎல்10, எஸ்பிஎல்11 என்ற பரம்பரையலகுகள் இரண்டும் தலைதூக்கியிருந்தன. வழக்கமாக அவற்றை அடக்கி வைப்பது மைக்ரோ ஆர்.என்.ஏ 156. அது இல்லாததால் வித்து முற்றும்போது எழும்ப வேண்டிய பரம்பரையலகுகள் முந்திக்கொண்டன, கலங்களின் ஒழுங்கும் குலைந்து முளையம் பாதியிலேயே நின்றுபோனது. நாற்றுமேடைப் பந்தலைப் பிரிக்குமுன்னே கூடையோடு கொழுந்தெடுக்கப் போனால் எப்படி இருக்கும், அப்படித்தான். இன்னொன்று, 24 நியூக்கிளியோதைட்டு நீளமுள்ள சின்ன ஆர்.என்.ஏக்கள் பொதுவாக மைக்ரோ ஆர்.என்.ஏ இல்லை, அவை டீ.என்.ஏயில் மெதைல் என்ற சிறு வேதித் தொகுதியை ஒட்டவைக்கும் வேறு கூட்டம். பரீட்சையில் கலந்துவிடாதே.

கேள்வி: தேயிலை இலையில் பூஞ்சணத்தால் வரும் கொப்புள நோய்க்கு ஆர்.என்.ஏ தெளிக்கலாமா?

பதில்: அது பூஞ்சணக்காரர்களின் வேலை. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள்.

கேள்வி: இதற்கு நோபல் பரிசு கிடைத்ததா?

பதில்: மைக்ரோ ஆர்.என்.ஏவுக்கு 2024இல் அம்புரோசுக்கும் ருவ்குனுக்கும். ஆனால் அவர்கள் கண்டது புழுவில். தாவரக்காரர்களுக்கு ஒன்றுமில்லை, எனக்கு அதில் கொஞ்சம் மனக்குறைதான். பெத்தூனியாவுக்கு நிறம் கூட்டப்போய்ப் பூ வெள்ளையாகிப்போன கதை வெளிவந்தது 1990இல், அதுவும் சின்ன ஆர்.என்.ஏயின் வேலைதான்!

கேள்வி (மேற்பார்வையாளர், பண்டாரவளை): எங்கள் மலை முழுக்க வீ.பி. தேயிலை, அதாவது விதையில்லாமல் ஓர் இலையும் கணுவுமாக வெட்டி நட்டது. அதில் முளையமே இல்லையே?

பதில்: சரியான கேள்வி. முளையம் இல்லை, ஆனால் சின்ன ஆர்.என்.ஏ உண்டு. இலைக்கு மேற்பக்கம் எது கீழ்ப்பக்கம் எது என்று பிரிப்பதில் மைக்ரோ ஆர்.என்.ஏ 166க்குப் பங்கிருக்கிறது.

கேள்வி (ஒரு தாத்தா, மஸ்கெலியா): விதைத் தேயிலைதான் வறட்சிக்கு நிற்கும். ஆணிவேர் வேண்டும் தம்பி.

பண்டாரவளைக்காரர்: டி.ஆர்.ஐ. 2025 என்ற வீ.பி. வகை நிற்காதா? விளைச்சலைப் பாருங்கள் ஐயா.

தாத்தா: விளைச்சலை மழைக்காலத்தில் பேசு. வெயிலில் வந்து பார்.

பதில்: இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். ஆணிவேரின் இடம் முளையத்திலேயே குறிக்கப்படுகிறது. அடிப்பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு கலம் ஒழுங்காகப் பிரிந்தால்தான் வேர்நுனி அமையும், டிசிஎல்1 கெட்ட முளையங்களில் சறுக்கிய இடங்களில் அதுவும் ஒன்று. வெட்டி நட்ட கணுவில் அந்தக் கட்டமே கிடையாது, வேர் தண்டின் அடியிலிருந்து புதிதாகப் பிறக்கிறது. தாத்தா சொல்லும் ஆணிவேர் சங்கதி சரி. ஆனால் விதைக்கு விதை குணம் மாறும், ஒரே மாதிரிக் கொழுந்து வேண்டுமென்றால் வீ.பி.தான்.

தாத்தா: அப்போ நான் சொன்னதுதான்.

பண்டாரவளைக்காரர்: நான் சொன்னதும்தான்.

கேள்வி: 24 நீளமுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ எத்தனை வகை?

பதில்: முதல் பதிலின் கடைசி வரி.

கேள்வி: கொப்புள நோய்க்கு ஆர்.என்.ஏ...

பதில்: தலவாக்கலை.