எலிவளைக்குள் நுழையும் வேட்டைக்காரன்: வீசல் பற்றிய கேள்வி பதில்

வீசல் என்பது நம்ம கீரிதானே சார்?

இல்லைங்க, சாயல் மட்டும்தான். கீரி வேறு குடும்பம். வீசலுக்குச் சொந்தக்காரர்கள் நீர்நாய் போன்றவைதான்.

உடம்பு ஏன் இவ்வளவு ஒல்லி? கோழிக்கூண்டுக்குள் புகுந்தால் வெறிபிடித்து எல்லாவற்றையும் கொல்லுமாமே?

எலி எந்த வளைக்குள் ஓடினாலும் பின்னாலேயே போகத்தான் அந்த உடம்பு. பனிக்கு அடியிலும் வேட்டை நடக்கும். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. ஒல்லி உடம்பில் சூடு தங்காது. குளிரில், அதே எடையுள்ள சாதாரண உடல்வாகுப் பாலூட்டியைவிட 50 முதல் 100 சதவீதம் வரை கூடுதல் ஆற்றல் செலவாகிறது என்று 1972-இல் ஓர் ஆய்வு காட்டியது. பசி விடாமல் துரத்தும் பிராணி அது. கிடைக்கும்போது கொன்று, மிச்சத்தைப் பதுக்கி வைக்கிறது. அதை வெறி என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் வீசல் வெள்ளையாகிறதே, பனியைப் பார்த்துத்தான் மாறுகிறதா?

பகல் குறுகுவதுதான் முக்கியமான தூண்டுதல். பனி தாமதமானால் பழுப்புத் தரையில் வெள்ளை உடம்போடு மாட்டிக்கொள்ளும்.

வீசலின் அண்ணன் மாதிரி இருக்கும் ஸ்டோட்டுக்கு, குளிர்காலத்திலும் வால் நுனி மட்டும் கறுப்பாக இருக்கிறதே?

அருமையான கேள்வி! 1982-இல் ராஜர் பவல் பழக்கிய பருந்துகளின் முன் பொம்மை வீசல்களை ஓடவிட்டார். நீள வாலில் கறுப்பு நுனி இருந்த பொம்மையைப் பருந்துகள் அதிகம் தவறவிட்டன. கவனம் வாலுக்குப் போய்விட்டது. சின்ன வீசல் (least weasel) என்ற இனத்தின் வால் குட்டை. அதில் கறுப்பு இருந்தால் குறி உடம்பிலேயே விழும். அதற்குக் கறுப்பு நுனி இல்லாததற்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள்.

வருடத்துக்கு எத்தனை ஈற்று?

சின்ன வீசலுக்குச் சினைக்காலம் ஐந்து வாரம்தான். எலி பெருகிய ஆண்டில் இரண்டு ஈற்றும் உண்டு. ஸ்டோட் கதையே வேறு. கோடையில் இணைசேரும், கருவோ பல மாதம் வளராமல் காத்திருந்து, அடுத்த வசந்தத்தில்தான் கருப்பையில் ஒட்டும். இன்னும் கண் திறக்காத பெண் குட்டிகளோடும் ஆண் இணைசேரும். அதனால் தாயைவிட்டுப் பிரியும்போதே இளம்பெண் கருவைச் சுமந்துகொண்டு போகும்.

நியூசிலாந்தில் ஸ்டோட்டைப் பொறிவைத்துக் கொல்கிறார்களே, பாவம் இல்லையா?

பாவம்தான். ஆனாலும் அங்கே அது தேவை என்பதே என் கருத்து. முயலை ஒழிக்க 1880-களில் மனிதர்கள் கொண்டுபோய் விட்ட விலங்கு அது. இப்போது கிவிக் குஞ்சுகளைத் தின்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு மேலும் நீந்தும். முன் பதிலில் சொன்ன கருச்சுமந்த இளம்பெண் ஒன்று கரையேறினாலே தீவில் ஒரு குடும்பம் உருவாகிவிடும். அதனால்தான் ஸ்டோட்டை முழுதாக ஒழித்த தீவுகளிலும் பொறிகளை எடுக்காமல் வைத்திருக்கிறார்கள்.