பளபளப்பு இருக்கு, பதம் எங்கே? டூல்ஸ் பத்தி வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல முக்காவாசி ஒரே புலம்பல்தான், இப்ப வர்ற கைக்கருவி எதுவும் நிக்கிறதில்லன்னு. புலம்பல் பாதி நியாயம், பாதி நம்ம வாங்குற லட்சணம். வரிசையா பார்ப்போம்.

கேள்வி: எங்க தாத்தாவோட ஸ்பேனர் செட்டு இன்னும் வேலைக்கு ஆகுது. நான் வாங்கினது ஒரு வருஷம்கூட ஆகல, 13-ம் நம்பர் வாய் விரிஞ்சு போச்சு. அந்தக் காலத்து இரும்பே வேறயா சார்?

பதில்: இரும்பு மேல பழி போடாதீங்க. சொல்லப்போனா இன்னைக்கு ஆலையில வர்ற நல்ல ஸ்டீல் அன்னைக்கு வந்ததைவிட சுத்தம், கந்தகம் பாஸ்பரஸ் எல்லாம் கம்மி, கலவையும் சீரா இருக்கும். அதே மாதிரி தாத்தா காலத்து சரக்கு எல்லாமே தங்கம்னும் நினைக்காதீங்க, அப்பவும் மட்டமான டூல் வந்துச்சு, அதெல்லாம் அப்பவே உடைஞ்சு பழைய இரும்புக்குப் போயிடுச்சு, தப்பிச்சு வந்தது மட்டும்தான் இப்ப உங்க கண்ணுல படுது.

ஆனா குறை இல்லன்னு சொல்ல வரல. குறை எங்கன்னா அந்த ஸ்டீலை டூலா மாத்துற வேலையில. டூலுக்கு உயிரே டெம்பர்தான், பட்டறைக்காரங்க பதம்னு சொல்வாங்க. கார்பன் ஸ்டீலை 800 டிகிரி செல்சியஸ் வாக்குல செக்கச்செவேல்னு காய்ச்சி எண்ணெயிலயோ தண்ணியிலயோ தோய்ச்சா பயங்கர கெட்டியாயிடும், ஆனா கண்ணாடி மாதிரி தெறிக்கவும் செய்யும், அதனால திரும்ப அளவா சூடு காட்டி கொஞ்சம் இளக்கணும், கூர் நிக்க வேண்டிய உளிக்கு 200-லேர்ந்து 300 டிகிரிக்குள்ள, முறுக்கு தாங்க வேண்டிய ஸ்பேனருக்கு அதைவிட நல்லா ஏத்தி. இளக்கினது பத்தலைன்னா டூல் உடையும், அதிகமானா வாய் விரியும். உங்க 13-ம் நம்பருக்கு நடந்தது அனேகமா ரெண்டாவது. இந்த வேலைக்கு உலை, எரிபொருள், நேரம், ஒவ்வொரு லாட்லயும் எடுத்து கெட்டித்தனம் சோதிக்க ஆளு, எல்லாம் வேணும். இதுல எதைக் குறைச்சாலும் கடையில தொங்குற டூலைப் பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. செலவைக் குறைக்கணும்னு நினைக்கிறவன் கண்ணுக்குத் தெரியாத இடத்துலதானே முதல்ல கை வைப்பான்?

அடுத்தது ஃபோர்ஜிங். காய்ச்சின ஸ்டீலை அச்சுல வெச்சு அடிச்சு உருவாக்குனா உள்ள இருக்கிற இழை டூலோட வடிவத்தை ஒட்டியே ஓடும், பலம் அங்கேர்ந்து வருது. உருக்கி அச்சுல ஊத்துனா அந்த இழை ஓட்டம் கிடையாது. காஸ்டிங்னாலே மட்டம்னு முடிவு கட்டிடாதீங்க, பெஞ்ச் வைஸ், இரும்பு இழைப்புளியோட உடம்பெல்லாம் வார்ப்பிரும்புதான், பல தலைமுறை உழைக்கும். ஆனா ஸ்பேனரை ஊத்தி செஞ்சா சந்தேகப்படணும்.

இன்னொண்ணும் கேட்டுக்கறேன், கோபப்படாதீங்க. ஸ்பேனர் பிடியில பைப் மாட்டி திருகினீங்களா? ஸ்பேனரோட நீளத்தை நட்டு சைஸுக்குத் தக்கபடிதான் வெச்சிருக்காங்க. பைப்பை மாட்டி நீளத்தை ரெண்டு மடங்கு ஆக்குனா வாய் மேல வர்ற முறுக்கும் ரெண்டு மடங்கு, எவ்வளவு நல்ல ஸ்பேனரா இருந்தாலும் வாய் பிளக்கும்.

கேள்வி: ‘க்ரோம் வனேடியம்’னு பொறிச்சிருக்கிறதா பார்த்து வாங்குறேன். அது போதுமா?

பதில்: போதாது. அது கலவையோட பேரு, டூலோட தரம் இல்ல. ஸ்டீல்ல கொஞ்சம் க்ரோமியமும் அதைவிடக் கொஞ்சமா வனேடியமும் கலந்தா நல்லா பதம் ஏறும், முறுக்கும் தாங்கும், அது உண்மை. ஆனா பதமே ஏத்தாம விட்ட க்ரோம் வனேடியமும் க்ரோம் வனேடியம்தான், பொய் சொன்னதா ஆகாது! அதுபோக எழுத்துப் பொறிக்க ஒரு அச்சு போதும், உள்ள என்ன ஸ்டீல்னு கடையில யாரு வெட்டிப் பார்க்கப் போறா?

மேல இருக்கிற பளபளப்புக்கும் பலத்துக்கும் சம்பந்தமே இல்ல. அது முலாம். கீழ நிக்கல், அதுக்கு மேல க்ரோம், அந்த க்ரோம் படலம் பெரும்பாலும் 1 மைக்ரான், அதாவது மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குகூட இருக்காது. துரு பிடிக்காம இருக்கவும் கிரீஸைத் துடைச்சா சுத்தமா போகவும்தான் அது. சரியா ஒட்டாம முலாம் உரிஞ்சா ஓரம் பிளேடு கணக்கா கையைக் கிழிக்கும், அப்படி உரிய ஆரம்பிச்ச ஸ்பேனரைத் தூக்கிப் போட்டுடுங்க.

வீட்டுல சோதிக்க ஒரு வழி இருக்கு. நல்ல அரம் ஒண்ணை எடுத்து உளியோட கூர் பக்கம், ஓரமா ஒரே ஒரு தடவை லேசா ராவிப் பாருங்க. அரம் வழுக்கிக்கிட்டு போனா பதம் இருக்கு. வெண்ணெய் வழிக்கிற மாதிரி தூள் கொட்டுனா நீங்க வாங்கினது உளி வடிவத்துல ஒரு இரும்புப் பட்டை. இதை ஸ்பேனர்ல செஞ்சுட்டு எனக்கு கடிதாசி போடாதீங்க, நல்ல ஸ்பேனரையே அரம் கடிக்கும். கெட்டித்தனத்தை அளக்குற ராக்வெல் ‘சி’ அளவுல (எண் ஏற ஏற கெட்டி ஜாஸ்தி) உளி, இழைப்புளி பிளேடெல்லாம் 60-ஐ ஒட்டி வரும், ஸ்பேனர் 40-களிலேயே நின்னுடும், அப்படி இருக்கிறதுதான் அதுக்கு சரி.

கேள்வி: ரம்பம் மழுங்கிடுச்சுன்னு சாணை பிடிக்கிறவர்கிட்ட கொண்டு போனா, இதுல அரமே ஏறாது, புதுசு வாங்கிக்கோன்னு திருப்பி அனுப்பிட்டாரு. ஏமாத்துறாரா?

பதில்: இல்ல, நேர்மையான ஆளு. பல்லோட நுனியை உத்துப் பாருங்க, கருநீலமா ஒரு நிறம் ஓடியிருக்கும். பல்லை மட்டும் மின்காந்த முறையில சட்டுன்னு காய்ச்சி கெட்டியாக்கியிருக்காங்கன்னு அர்த்தம். அந்தப் பல்லும் அரமும் கிட்டத்தட்ட ஒரே கெட்டி, ராவுனா மழுங்கப் போறது அரம்தான்.

இதை மட்டமான ரம்பம்னு சொல்ல மாட்டேன். பழைய ரம்பத்தைவிட கூர் பல மடங்கு நாள் நிக்கும், பிளைவுட், எம்.டி.எஃப்.னு பசை கலந்த பலகை அறுக்கிறவங்களுக்கு ரொம்ப சௌகரியம். ஆனா கூர் போன அன்னிக்கு ஆயுசும் போச்சு. பழைய ரம்பம் அடிக்கடி மழுங்கும், முக்கோண அரத்தை எடுத்து அரை மணி நேரம் உட்கார்ந்தா திரும்ப புதுசு, பல்லே தேஞ்சு போனாக்கூட புதுப் பல்லு வெட்டிக்கலாம். எனக்கு உண்மையான வருத்தம் இதுலதான். டூல் உடையுதுங்கிறதைவிட, ரிப்பேர் பண்ணவே முடியாத மாதிரி செய்யுறாங்கங்கிறது. ஃபைபர் பிடியோட ஒட்டியே வர்ற சுத்தியலும் இதே கதைதான், பிடி போனா தலையும் குப்பை.

தச்சு வேலை செய்யறவரா இருந்தா அந்த ரம்பத்தைத் தூக்கிப் போடாதீங்க. பல்லை விட்டுட்டு மீதித் தகட்டை செவ்வகமா வெட்டி எடுத்தா மரம் சுரண்ட அருமையான ஸ்க்ரேப்பர் கிடைக்கும்.

கேள்வி: ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் எதை வாங்கினாலும் முனை மழுங்குது, ஸ்க்ரூ தலையும் போயிடுது. ஒரு நல்ல பிராண்டு சொல்லுங்களேன்.

பதில்: பிராண்டு அப்புறம். எல்லா ஸ்டாரும் ஒண்ணு இல்லங்கிறது தெரியுமா? நாம ஸ்டார்னு சொல்றது பெரும்பாலும் ஃபிலிப்ஸ், அமெரிக்காவுல ஹென்றி ஃபிலிப்ஸ் 1936-ல காப்புரிமை வாங்கினது. அதுல பள்ளத்தோட சுவர் சாய்வா இருக்கும், அதனால முறுக்கு ஏற ஏற டிரைவரை அதுவே வெளிய தள்ளும், அது கூடப் பொறந்த குணம். அப்புறம் போஸிட்ரைவ், ஸ்க்ரூ தலையில கூட்டல் குறிக்கு நடுவுல நாலு மெல்லிசு கோடு போட்டிருக்கும். இதுக்கு ஃபிலிப்ஸ் டிரைவரைப் போட்டா உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும், திருகுனதும் பிசுறு பிசுறா எடுத்துடும். ஜப்பான் பைக், கேமரா, பழைய டேப் ரெக்கார்டர்ல வர்ற ஜே.ஐ.எஸ்., அதாவது ஜப்பான் தர அளவுல செஞ்ச ஸ்க்ரூ மூணாவது ரகம், பல ஸ்க்ரூ தலையில ஒரு சின்னப் புள்ளி இருக்கும், இதுலயும் சாதாரண ஃபிலிப்ஸ் டிரைவர் அடி வரைக்கும் இறங்காது. அதுக்கு மேல சைஸ் வேற, 2-ம் நம்பர் போட வேண்டிய இடத்துல 1-ம் நம்பரை விட்டுத் திருகுறவங்கதான் ஜாஸ்தி. ரகமும் சைஸும் சரியா எடுத்து, திருகுற பலத்தைவிட அழுத்துற பலம் ஜாஸ்தியா இருக்கிற மாதிரி பிடிச்சுப் பாருங்க, அப்புறமும் முனை உருண்டா டூல் மேல பழி போடலாம்.

கேள்வி: பிளாஸ்டிக் பிடி போட்ட கட்டிங் பிளேயர் இருந்தா கரண்ட் வேலைக்குப் பயம் இல்லதானே?

பதில்: பயம் உண்டு. சும்மா மாட்டிவிட்ட உறை கை வழுக்காம இருக்கத்தான். கரண்ட் வேலைக்குன்னு சோதிச்சு வர்றதுல ஐ.இ.சி. 60900-ன்னும் (கரண்ட் வேலை டூலுக்கான சர்வதேசத் தர எண்), ரெண்டு முக்கோணக் குறியோட 1000 வோல்ட்னும் போட்டிருக்கும். அது இருந்தாலும் மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் கை வைக்கணும். உறையில கீறல் விழுந்தா அந்த வேலைக்கு அது முடிஞ்சுது.

கேள்வி: லைஃப்டைம் வாரண்டின்னு போட்டா தரம் நல்லா இருக்கும்னு அர்த்தமா?

பதில்: யாரோட லைஃப்னு முதல்ல கேளுங்க! அமெரிக்காவுல கிராஃப்ட்ஸ்மேன்னு பேரு, 1927-லேர்ந்து சியர்ஸ் கடைக்காரங்களோடது, கைக்கருவி உடைஞ்சா கொண்டு போய்க் குடுத்தா புதுசு தருவாங்கன்னே பேர் வாங்கினது. 2017-ல அந்தப் பேரையே ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் வாங்கிடுச்சு. இப்படி பேரு ஒரு கையிலேர்ந்து இன்னொரு கைக்குப் போறது இந்தத் தொழில்ல சகஜம். டப்பா மேல அதே எழுத்து, அதே கலர் இருக்கும், உள்ள இருக்கிறது எந்த ஃபேக்டரியில எந்த அளவு கவனத்தோட செஞ்சதுன்னு எழுத்தை வெச்சு சொல்ல முடியாது. அதனால எங்க அப்பா இந்த பிராண்டுதான் வெச்சிருந்தாருங்கிறது வாங்கறதுக்கு ஒரு காரணமே இல்ல. உடைஞ்சா மாத்தித் தர்றது நல்ல விஷயம்தான், ஆனா வேலை நடுவுல உடைஞ்சு முட்டி அடிபட்டதுக்கு எந்த வாரண்டியும் கிடையாது.

கேள்வி: சுத்தியல் தலை ஆடுது, தண்ணியில ஊறப்போட்டா ரெண்டு நாள் நல்லா இருக்கு, திரும்ப ஆடுது.

பதில்: ஊறப்போடாதீங்க. தண்ணி குடிச்சு மரம் உப்பும், ஓட்டைக்குள்ள இடம் இல்லாம நசுங்கும், காய்ஞ்சதும் முன்னைவிட சுருங்கும். ஆப்பை எடுத்துட்டு புது ஆப்பு அடிங்க, இல்லன்னா பிடியையே மாத்துங்க. பிடி வாங்கும்போது அடிக்கட்டையைப் பாருங்க, மர வரி தலையோட நீளத்துக்கு இணையா ஓடணும். குறுக்க ஓடுனா சீக்கிரம் உடையும்.

கேள்வி: முன்னெல்லாம் ஒரு அரம் வருஷக்கணக்கா வரும். இப்ப ரெண்டு வேலைக்கே வழுக்குது.

பதில்: அரம் விஷயத்துல உங்க பக்கம்தான் நான். எல்லா கைக்கருவியிலயும் தரம் விழுந்தது பளிச்சுனு தெரியுறது இதுலதான், ஏன்னா அரத்துல பதம் தவிர வேற ஒண்ணுமே இல்ல, ஏமாத்த வழி கிடையாது. வாங்குறப்ப வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிங்க. பல்லு நுனி கூரா இருந்தா வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டாது. புது அரத்துலயே நுனியில மினுக்கு தெரிஞ்சா வெச்சுட்டு வந்துடுங்க.

ஆனா கொல்றதுல பாதி நாமதான். அரம் முன்னால தள்ளும்போது மட்டும்தான் வெட்டும், இழுக்கும்போது தூக்கிடணும், அழுத்தி முன்னும் பின்னும் தேய்ச்சா பல்லு மடிஞ்சுடும். அலுமினியம் ராவுறதுக்கு முன்னாடி சாக்பீஸ் தேய்ச்சுக்கிட்டா தூள் பல்லிடுக்குல அடைக்காது. பெட்டிக்குள்ள மத்த டூலோட கலந்து போடாதீங்க, ஒவ்வொண்ணையும் துணியில சுத்தி வைங்க. கொஞ்சமா மழுங்கினதை ஒரு ராத்திரி வினிகர்ல ஊறப்போட்டு, சோடா உப்பு தண்ணியில அலசி, உடனே காயவெச்சு எண்ணெய் தடவுனா இன்னும் கொஞ்ச நாள் ஓடும்.

கேள்வி: அப்போ பழைய டூலையே தேடி வாங்கிடலாமா?

பதில்: தாராளமா, பார்த்து வாங்குனா. மேலாப்புல இருக்கிற துருவுக்குப் பயப்படாதீங்க, தேய்ச்சா போயிடும். குழி குழியா அரிச்சிருந்தா, அதுவும் இழைப்புளி பிளேடோட தட்டையான பின்பக்கம் கூர் கிட்ட அரிச்சிருந்தா வேண்டாம், அந்தக் குழி வர்ற இடத்துல கூர் நிக்காது. வார்ப்புல கீறல் விட்டதையும் தொடாதீங்க. உளி முனையில நீலம் பாரிச்சிருந்தா யாரோ கிரைண்டர்ல போட்டு பதத்தை எரிச்சுட்டாங்கன்னு அர்த்தம், அந்த நீலம் இருக்கிற அளவுக்கு மட்டும் தேய்ச்சு எடுத்துட்டா பின்னால நல்ல ஸ்டீல் இருக்கும், ஆனா நீங்களும் கிரைண்டர்லயே வெச்சு எரிச்சுடாதீங்க, தண்ணியில நனைச்சு நனைச்சு எடுங்க.

பழைய இழைப்புளி பிளேடு, உளியில முழுசும் கெட்டி ஸ்டீல் இருக்காது, மெதுவான இரும்பு மேல ஒரு மெல்லிசு ஸ்டீல் தகட்டை காய்ச்சி அடிச்சு ஒட்டியிருப்பாங்க, ஜப்பான் உளி இன்னைக்கும் அப்படித்தான் வருது. பல பிளேடுல அந்தத் தகடு கூர் பக்கத்துலேர்ந்து பாதி தூரம்தான் ஓடும். பக்கவாட்டுல துருவைத் தேய்ச்சுட்டுப் பார்த்தா ரெண்டும் நிறம் மாறுற கோடு தெரியும், முந்தின ஆளு சாணை பிடிச்சே அந்த ஸ்டீலைத் தீர்த்துட்டானான்னு பார்த்துட்டு காசு குடுங்க.